சிறு செலவில் ஒரு பிறந்த நாள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

நம் பள்ளிகள் மறவாமல் கொண்டாடும் பிறந்த நாள்கள் சில உண்டு. ஜூலை 15 பெருந்தலைவர் காமராசருக்கு உரியது. கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. செப்டம்பர் 5 டாக்டர் இராதாகிருஷ்ணனுக்கு உரியது, ஆசிரியர் நாள். நவம்பர் 14 பண்டித நேருவுக்கு உரியது, குழந்தைகள் நாள். இவற்றையெல்லாம் ஒப்பிக்கக் கற்ற குழந்தை வீட்டிற்கு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘‘எனக்கு எப்போது?’’ இக்கேள்விக்கு விடை சொல்வது இந்நாளில் செலவு பிடித்த காரியமாகிவிட்டது. கடன் வாங்காமல் அதற்கு விடை சொல்லும் வழியைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

வேதியியல் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். எங்கள் காம்பவுண்டில் உள்ள ஒன்பது வீடுகளில் கல்லூரிக்குப் போகிறவன் நான் ஒருவனே. ஆதலால் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் நிரப்புவது முதல் சீமந்தத்திற்கு அரிசி எத்தனைப் படி என்று கணக்கிடுவது வரை எல்லாம் என்னிடமே வந்து சேரும். சென்ற ஆண்டு அக்காள் மகளின் ஐந்தாவது பிறந்த நாள் கணக்கும் அப்படித்தான் வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏழை எளிய குடும்பங்கள் பிறந்த நாளுக்குக் கடன் வாங்கிச் செலவிடுவதைக் கண்டு ‘ஆடம்பரம், பகட்டு’ என்று சாடுவோர் உளர். அவர்கள் காரணத்தை ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. என் தாயாரின் ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது. அத்தானின் தாயாருக்கும் ஜனவரி 1. எதிர் வீட்டுப் பாட்டிக்கும் அதுவே. ஆண்டு மட்டும் தோராயமாகத் தெரிந்து, நாள் தெரியாதவர்களுக்கு எழுதப்பட்ட தேதி அது. என் தந்தையின் பிறந்த நாளோ பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் மனத்திற்குத் தோன்றிய தேதி. ஆக, எங்களைப் போன்ற குடும்பங்களில் பிறந்த நாள் இன்னதென்று ஐயமின்றித் தெரிந்த தலைமுறை இப்போதுதான் வளர்கிறது. அத்தான் என்னிடம், ‘‘நமக்குத்தான் யாரும் செய்யலை மாப்பிள்ளை, பிள்ளைக்காவது செய்யணும்ல?’’ என்றார். இதைப் பகட்டு என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. எனவே விழாவே வேண்டாம் என்று சொல்வது திட்டமாகாது. விழா வேண்டும், கடன் வேண்டாம்.

அலங்காரம் செய்வோர் ஒருவர் முதலில் கொடுத்த மதிப்பீடு இது: எண்பது பேருக்குப் பிரியாணி 14,000 ரூபாய், பலூன் வளைவும் பிளெக்ஸ் பலகையும் 6,000, ஒலி, ஒளி அமைப்பு 3,000, வருவோர்க்குத் தரும் பரிசுப் பொருள் 3,000, இரண்டு கிலோ பொம்மைக் கேக் 2,000. ஆக மொத்தம் 28,000. லோடு ஆட்டோ ஓட்டும் அத்தானின் கையில் இருந்தது 3,000. மீதி 25,000 ரூபாயை ஐந்து வட்டிக்கு வாங்குவதாக ஏற்பாடு. ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். 25,000 ரூபாய்க்கு மாத வட்டி 1,250. பன்னிரண்டு மாதத்திற்கு 15,000. அதாவது குழந்தைக்கு ஆறு வயது நிறையும்போது 15,000 ரூபாய் கட்டி முடித்திருப்போம். அசல் 25,000 அப்படியே நிற்கும்! இந்தக் கணக்கைச் சிலேட்டில் எழுதிக் காட்டியபோது அத்தான் நெடுநேரம் பேசவில்லை.

‘மொய் வந்தால் சரிக்கட்டிவிடலாம்’ என்பது அடுத்த வாதம். மொய் என்பது வருமானம் அன்று. எழுத்தில் உள்ள கடன். நோட்டில் நம் பெயருக்கு எதிரே எழுதிய ஒவ்வொரு நூறும் அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யப்பட வேண்டியது. அன்றியும் திருமணத்திற்கும் காதுகுத்துக்கும் பணமாக எழுதுபவர்கள் குழந்தையின் பிறந்த நாளுக்குப் பெரும்பாலும் பொம்மைதான் வாங்கி வருகிறார்கள். மறுநாளே சக்கரம் கழன்றுவிடும் பிளாஸ்டிக் காரை வைத்துக்கொண்டு பந்தல்காரருக்குப் பதில் சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் திட்டத்தைத் தலைகீழாகத் தொடங்கினோம். இன்னின்ன வேண்டும் என்று எழுதிக் கூட்டுவதை விடுத்து, 3,000 ரூபாய் என்று தாளின் அடியில் முதலில் எழுதிவிட்டோம். மற்றவையெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

அடுத்து, எத்தனை பேர்? குழந்தையின் வயது எத்தனையோ அத்தனைக் குழந்தைகளை அழைத்தால் போதும் என்று மேலை நாட்டார் ஒரு கணக்குச் சொல்வார்கள். தனித்தனி வீட்டில் வாழ்பவர்களுக்கு அது பொருந்தலாம். காம்பவுண்டு வீடுகளுக்குப் பொருந்தாது. ஐந்து பிள்ளைகளுக்குக் கேக் கொடுத்துவிட்டு, கதவருகே வந்து நிற்கும் ஆறாவது பிள்ளையைப் ‘போ’ என்று சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. எனவே தோழிகளை எண்ணாமல் வாசல்களை எண்ணினோம். காம்பவுண்டில் பதினேழு பிள்ளைகள், அடுத்த சந்திலிருந்து ஐவர், ஆக 22. பெரியவர்களைத் தனியே அழைக்கவில்லை; பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள் என்று கொண்டோம்.

செலவை மிகுதியும் குறைத்தது எது என்று கேட்டால், கடிகாரம் என்பேன். இரவு ஏழு மணிக்கு அழைத்தால் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். பந்தியும் விளக்கும் பின்தொடரும். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை என்று வைத்தால் சிற்றுண்டி போதும். மதிப்பீட்டில் பாதியாயிருந்த பிரியாணி இவ்வாறு நேரத்தை மாற்றிய அளவில் மறைந்தது. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் விழாவும் ஒவ்வாது. அதன்பின் ஒன்று தூங்கும், ஒன்று அழும், ஒன்று அடிக்கும்.

சிற்றுண்டிக்கு ரவா கேசரி, கொண்டைக்கடலைச் சுண்டல், எலுமிச்சைச் சாறு, சிறு கேக். அரைக் கிலோ ரவைக்கு முக்கால் கிலோ சர்க்கரை, இருநூறு கிராம் நெய், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் என்று கிண்டினால் இரண்டரைக் கிலோவிற்குக் குறையாமல் கேசரி கிடைக்கும். ஆளுக்கு எண்பது கிராம் வீதம் முப்பது பேருக்கு மேல் கொடுக்கலாம். ஒரு கிலோ உலர்ந்த கடலை ஊறி வெந்தபின் இரண்டு கிலோவைத் தாண்டும். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குக் கடலையை முழுதாகக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மசித்துக் கொடுக்க வேண்டும்.

கேக்கைப் பற்றி நம் துறை சார்ந்த ஒரு சொல். பிறந்த நாள் கேக்கில் வயதுக்கேற்ப மெழுகுவர்த்தி ஏற்றுவது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் காணப்பட்ட வழக்கம். கேக் பொங்கி எழுவது கரியமில வாயுவினால். சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட்டு; தயிரிலுள்ள லாக்டிக் அமிலத்துடன் சேர்ந்ததும் அது கரியமில வாயுவை வெளிவிடுகிறது. மாவுக்குள் சிக்கிய குமிழிகள் சூட்டில் விரிந்து கேக்கை மெத்தென்று ஆக்குகின்றன. சோடாவை அளவுக்கு மீறிப் போட்டால், அமிலம் போதாமல் எஞ்சியது வெப்பத்தில் சோடியம் கார்பனேட்டாக மாறும். சவர்க்காரச் சுவை வருவது இதனால்தான். ஒரு குவளைத் தயிரில் முக்கால் குவளைச் சர்க்கரையைக் கரைத்து, ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் இட்டு, ஐந்து நிமிடம் நுரைக்கவிட்டு, அரைக் குவளை எண்ணெயும் ஒன்றரைக் குவளை மைதாவும் கலந்தால் முட்டையில்லாக் கேக்கிற்கு மாவு ஆயத்தம். அடுப்பு வேண்டியதில்லை, பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, தண்ணீர் ஊற்றாமல், உள்ளே தாங்கியின்மேல் பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில் நாற்பது நிமிடம் விட்டால் வெந்துவிடும். வளையத்தையும் வெயிட்டையும் கழற்ற மறக்கவே கூடாது.

மேலே வண்ணக் கிரீம் பூச வேண்டாம் என்று நான் பிடிவாதம் செய்தேன். 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்னும் சாயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டு, நம் மாநிலத்தில் அதன் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டதை நண்பர்கள் அறிவர். துணிக்கும் தாளுக்கும் உரிய சாயம் அது. எந்தக் கிரீமில் எது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

‘வீட்டில் செய்தால் மலிவு’ என்று எல்லாரும் சொல்கிறோம். அடுப்படியில் நிற்பவரின் கூலியை எழுதாமல் விடுவதனால்தான் அது அவ்வளவு மலிவு. அக்காள் வாரத்தில் ஆறு நாள் தையல் கம்பெனிக்குப் போகிறவள். கிடைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கிண்டிக் கிளறியே கழிந்தால் அது யாருக்குப் பிறந்த நாள்? ஆகவே வேலையைப் பிரித்தோம். சுண்டல் பக்கத்து வீட்டு அத்தையிடம், சாறு பிழிவது அத்தானிடம், கேக் என்னிடம். கேசரி மட்டும் அக்காளிடம். ஆண்பிள்ளை எலுமிச்சை பிழிவதைப் பார்க்கவே இருவர் வந்து நின்றார்கள். இப்படிப் பிரித்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் அரைக் கிலோ சாதாரணக் கேக்கைக் கடையில் வாங்கிவிடுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

அலங்காரத்திற்குச் செலவு மிகக் குறைவு. அம்மாவின் பட்டுப்போன்ற பழைய சேலை பின்திரையாயிற்று. வண்ணத் தாளை முக்கோணமாக வெட்டி நூலில் ஒட்டிய தோரணமும், பிள்ளைகளே போட்ட கோலமும் போதுமானவை. பலூனைப் பற்றித்தான் எச்சரிக்கை வேண்டும். மேலே மிதக்கும் பலூனை எல்லாப் பிள்ளைகளும் விரும்புகிறார்கள். அதில் அடைக்கப்பட வேண்டியது ஹீலியம். 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் நம் அண்டையிலுள்ள குண்டூர் வழியாகச் சென்ற முழுச் சூரிய கிரகணத்தை ஒட்டிய ஆய்வுகளில்தான் இவ்வாயுவின் தடயம் முதன்முதல் கிடைத்தது என்பது நமக்குப் பெருமை. ஆயினும் விலை மிகுதி. ரப்பர் பலூனிலிருந்து கசிந்து மறுநாளே தரைக்கு வந்துவிடும். எனவே மலிவாக வேண்டுமென்று தெருவில் சிலர் காரச்சோடாக் கரைசலில் அலுமினியத் துண்டுகளைப் போட்டு ஹைட்ரஜனை உண்டாக்கி அடைத்துக் கொடுக்கிறார்கள். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எவ்வளவு கலந்தாலும் தீப்பற்றக்கூடிய வாயு அது. மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் அதைக் கட்டித் தொங்கவிடுவது குழந்தைகளின் தலைக்குமேல் வெடியைக் கட்டுவதற்கு ஒப்பாகும். கேக் வெட்டும்போது பீய்ச்சும் ஸ்னோ ஸ்பிரேயும் இத்தகையதே. நுரையைத் தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் வகை. சுடர் பட்டால் குப்பென்று பற்றும். கைப் பம்பினால் காற்றடைத்த பலூன் மிதக்காது; ஆனால் தீங்கும் செய்யாது. உடைந்த துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். சிறு குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளும்.

பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டவை. தொன்னை வாங்கினோம், டம்ளர்களை வீட்டுக்கு நான்காக இரவல் பெற்றோம். எந்த டம்ளர் யார் வீட்டுடையது என்பதில் பின்னர் ஒரு வழக்கு நடந்தது; அடியில் பெயர் வெட்டியிருந்ததால் தீர்ந்தது.

இனி விளையாட்டு. பிள்ளைகள் நினைவில் நிற்பது இதுவே. இதற்குத்தான் மதிப்பீட்டில் ஒரு காசும் ஒதுக்கப்படவில்லை. இசை நாற்காலியில் தோற்றவரை வெளியேற்றினால் ஐந்து வயதுப் பிள்ளை அழும். ஆதலால் பாயை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எல்லாரையும் விளையாட்டில் வைத்துக்கொண்டோம். கடைசியில் 22 பேரும் ஒரே பாயில் ஒருவர் மடிமேல் ஒருவராக விழுந்தபோது எழுந்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. உறியடிக்குப் பானைக்குப் பதில் செய்தித்தாள் ஒட்டிய பையில் மிட்டாயைக் கட்டினோம்.

தாய்மாமன் என்ற முறையில் நான் வெள்ளிக் கொலுசாவது செய்திருக்க வேண்டும். படிக்கிற பையனிடம் கொலுசுக்கு ஏது பணம்? ஆய்வுக்கூடத்தில் கற்றதைச் சீராகக் கொண்டுபோனேன். ஒரு பாட்டிலில் நூறு மில்லி வினிகர். பலூனுக்குள் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் தூள் உள்ளே விழும். ஐந்து கிராம் சோடாவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கரியமில வாயு வெளிப்பட்டு, யாரும் ஊதாமலே பலூன் உப்பும். பிள்ளைகள் வாய்பிளந்து நின்றார்கள். செம்பருத்திப் பூவை வேகவைத்த நீரில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு, சோடா இட்டால் பச்சை. இதை நான்கு முறை செய்து காட்டச் சொன்னது பிள்ளைகள் அல்லர், பெரியவர்கள்.

முன்னதாகவே வரைதாளில் மஞ்சள் கரைசலைப் பூசிக் காயவைத்து அட்டைகளாக வெட்டியிருந்தேன். ஈர்க்குச்சியைச் சோப்பு நீரில் தோய்த்து அதில் எழுதினால் எழுத்து சிவப்பாகத் தோன்றும். மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் நிறம் மாறுவதே காரணம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எழுதிற்று. எழுதத் தெரியாதது பூ வரைந்தது. அதுவும் ஒரு பென்சிலுமே வீட்டுக்குக் கொண்டுபோன பரிசு.

அழைப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். பிறந்த நாளுக்கு அழைக்கும்போது, அழைக்கப்பட்டவருக்கும் ஒரு செலவு வைக்கிறோம். எங்கள் காம்பவுண்டில் கணவனை இழந்து இட்லி விற்றுப் பிழைக்கும் அம்மாள் ஒருவருக்கு மூன்று பிள்ளைகள். நூறு ரூபாய்ப் பொம்மை வாங்க இயலாமல், பிள்ளைகளைக் கதவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ‘ஊருக்குப் போயிருந்தோம்’ என்று மறுநாள் சொல்லும் நிலை அவருக்கு ஏற்பட்டிருக்கிறது. ‘பரிசு வேண்டாம்’ என்று சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. வெறுங்கையோடு வருவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் எண்ணம். ஆதலால் பிறந்த நாள் என்றே சொல்லவில்லை. ‘‘ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகளை விளையாட அனுப்புங்க’’ என்றாள் அக்காள். கேக்கைக் கண்ட பிறகே பலருக்கும் செய்தி தெரிந்தது. மூன்று பிள்ளைகளும் வந்தார்கள். மூத்தவன்தான் உறியை உடைத்தான்.

கணக்கையும் காட்டிவிடுகிறேன். புதுச்சட்டை 600 ரூபாய், கேசரி 265, சுண்டல் 140, சாறு 120, கேக் 150, பலூன், தாள், மெழுகுவர்த்தி, மிட்டாய் 180, பென்சிலும் அட்டையும் 150, தொன்னை 100, பள்ளியில் கொடுத்த மிட்டாய் 50. வினிகரும் சோடாவும் கேக் கணக்கிலேயே அடங்கின. இவற்றோடு சட்டமிட்ட புகைப்படம் ஒன்று 350. இது அத்தானின் விருப்பம். பிளெக்ஸ் வேண்டாம் என்று ஒப்புக்கொண்டவர், ‘‘சுவத்துல மாட்ட ஒரு படம் மட்டும் நல்லா இருக்கணும்’’ என்றார். இச்செலவைக் குறைக்க நான் முயலவில்லை. அவருடைய சிறு வயதுப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. சிக்கன விழாவிலும் ஏதேனும் ஒன்றை மனம் நிறையச் செய்ய வேண்டும். அது எது என்பதைப் பெற்றவர்களே சொல்ல வேண்டும். ஆக மொத்தம் 2,105 ரூபாய். மிஞ்சிய 895 ரூபாயில் 250 ரூபாயைக் கட்டி, பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைகளுக்கு 2015 முதல் நடைபெற்றுவரும் செல்வமகள் சேமிப்புக் கணக்கை அஞ்சலகத்தில் தொடங்கினார்கள். மீதியில் லோடு ஆட்டோவிற்குப் பிரேக் கம்பி மாற்றியாயிற்று.

மஞ்சள் அட்டைகளோடு இரண்டு பிள்ளைகள் மறு வாரம் என்னிடம் வந்தனர். எழுத்து மங்கிவிட்டதாம். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் துடைத்தேன். பழைய மஞ்சள் நிறம் திரும்பியது. வீட்டிலிருந்து சோப்பு நீர் கொண்டுவரச் சொன்னேன், ஓடினார்கள்.